ஒற்றை விரலுக்குத் திரும்பும் தூண்

கவாக்ளியின் பெரிய பள்ளிவாசலைக் கட்டிய ஷாஹின் பாஷா, சாந்தில் குழைப்பதற்கு முட்டை வெள்ளைக்கரு கேட்டு ஊர் ஊராக ஆள் அனுப்பினாராம். சேதி தெரிந்ததும் சுற்றுவட்டாரக் கோழிகள் அத்தனையும் மலையேறிப் போய், வேலை முடியும்வரை இறங்கவே இல்லையாம். கும்மட்டத்தின் உயரம் அப்படிப்பட்டது. உள்ளே ஒருவர் வியாழக்கிழமை தும்மினால், மறுநாள் ஜும்ஆத் தொழுகைக்கு வந்தவர்கள்தான் அந்தச் சத்தத்தைக் கேட்டு அவருக்கு துஆ செய்வார்கள். நடுவில் தொங்கும் விளக்கு வளையத்தில் சிலந்தி அண்டக்கூடாது என்று தீக்கோழி முட்டைகளைக் கட்டி வைத்திருக்கிறார்கள். அந்த முட்டைகளுக்கு அஞ்சி வெளியேறிய சிலந்திகள் பல தலைமுறையாக, இந்தக் கதையில் வரப்போகும் வில்தானின் நாத்தனார் வீட்டில் குடியிருக்கின்றன. தெற்குச் சுவரில் குருவிகளுக்காகவே கல்லில் செதுக்கிய இரண்டடுக்கு மாளிகை ஒன்று உண்டு. பாஷாவின் சொந்த வீட்டில்கூட அத்தனை ஜன்னல் கிடையாது.

ஆனால் இதையெல்லாம் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஊர் பேசுவது வாசல் தூண்களைப் பற்றித்தான்.

முகப்பு வாசலின் இரு ஓரங்களிலும் சுவருக்குள் குழிவு வெட்டி, ஆளுக்கு நெஞ்சளவு உயரத்தில் இரண்டு ஒல்லியான பளிங்குத் தூண்கள் நிறுத்தியிருக்கிறார்கள். அவை எதையும் தாங்குவதில்லை. கையால் பிடித்துத் திருப்பினால் நின்ற இடத்திலேயே திரும்பும், அவ்வளவுதான். கட்டடம் நேராக நிற்கும்வரை தூண் திரும்பும். சுவர் மயிரிழை இறங்கினாலும் கல் மேல் கல் அழுந்தி, தூண் நின்றுவிடும். அதற்காகவே கொத்தனார்கள் வைத்துவிட்டுப் போன சாட்சிகள் அவை.

ஊரின் இரண்டு பேட்டைகளில், வலது தூண் மேட்டு மஹல்லாவுக்கு. இடது தூண் பள்ளத்து மஹல்லாவுக்கு. யார் பிரித்தார்கள் என்று கேட்காதீர்கள், சண்டை வரும். ஜும்ஆ முடிந்து வெளியே வரும் ஆண்கள் தங்கள் தங்கள் தூணை ஒருமுறை திருப்பிவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார்கள். கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் ஆளுக்கொரு தூணைத் திருப்பிக் காட்ட வேண்டும்.

வில்தான் பள்ளத்து மஹல்லாப் பெண். அவளைக் கட்டிய நாசிஃப் மேட்டு மஹல்லாக்காரர். கல்யாணத்தன்று நாசிஃபின் அப்பா வலது தூணில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். முனகிக்கொண்டே திரும்பியது. பிறகு வில்தானின் அப்பா இடது தூணைப் பிடித்தார். அவருக்கு அன்று கை நடுக்கம். தூண் நகரவில்லை. மூன்றாம் முயற்சியில் முக்கிக்கொண்டு அரைவிரற்கடை அசைந்தது. மேட்டு மஹல்லாக்காரர்கள் சிரித்த சிரிப்பில் குருவி மாளிகையின் இரண்டடுக்கும் காலியானது. அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றதை வில்தான் முக்காட்டுக்குள்ளிருந்து பார்த்தாள். அன்றிரவு புதுப்பெண் அழுத அழுகைக்கு அதுதான் காரணம். நாசிஃப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆலிவ் காய்களை ஒவ்வொன்றாகக் கொட்டை நீக்கித் தட்டில் அடுக்கிக்கொண்டே இருந்தார்.

சில வாரங்கள் கழித்து அந்த அதிசயம் நடந்தது. இடது தூண் ஒற்றை விரலுக்குத் திரும்பியது. புதுப்பெண்ணின் கண்ணீருக்கு அல்லாஹ் கொடுத்த பதில் என்று பள்ளத்து மஹல்லாவே சொன்னது. வில்தானின் அப்பா சுண்டுவிரலால் திருப்பிக் காட்டிவிட்டு, மேட்டு மஹல்லாவின் தேநீர்க் கடை வழியாகத் தேவையே இல்லாமல் மூன்று தடவை நடந்தார்.

அன்றிலிருந்து வில்தானின் வாயை யாராலும் அடைக்க முடிந்ததில்லை.

“உங்க தூணுக்கு முட்டி வலியா? நேத்து முனகுனது எங்க வீடு வரைக்கும் கேட்டுதே,” என்பாள் சாப்பாட்டு நேரத்தில்.

நாசிஃப் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே, “என்ன செய்யறது வில்தான். உங்க கல்லு நல்ல கல்லு,” என்பார்.

ஒரு தடவைகூட அவர் எதிர்த்துப் பேசியதில்லை. வீட்டில் அவர் பிடிவாதமாக இருந்தது ஒரே ஒரு விஷயத்தில். ஆலிவ் எண்ணெய் டின்னுக்குள் காய்ந்த நாரத்தைத் தோலைப் போட்டு வைப்பார். “இது எண்ணெயா, சர்பத்தா?” என்று அவள் கத்தாத நாள் இல்லை. மற்றபடி நல்ல மனிதர். வெள்ளிக்கிழமைகளில் எல்லாருக்கும் முன்னால் பள்ளிவாசலுக்குப் போவார். சட்டைப்பையில் கண் மருந்துச் சீசா இருக்கும். வாசலில் தூசி, கண் எரிகிறது என்பார். அவர் கண்ணோ, எதிர்மலையில் மேயும் ஆட்டில் எது நொண்டுகிறது என்று இங்கிருந்தே சொல்லும் கண். ஆண்களுக்கு வயதானால் இப்படி ஏதாவது ஒரு கோளாறைப் பிடித்துக்கொள்வார்கள் என்று வில்தான் விட்டுவிட்டாள்.

பனிக்காலத் தொடக்கத்தில் நாசிஃப் படுத்தார். பிறகு எழவில்லை. மூச்சு மெலிந்துகொண்டே வந்தது. ஒருநாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“என்னைப் பெரிய பள்ளிவாசல் வாசல் கல்லுல கிடத்தித் தொழுதுதான் தூக்கணும். எங்க அப்பாவைக் கிடத்துன கல்லு. பெட்ரோல் பங்க் பக்கத்துப் புதுப் பள்ளிவாசலுக்குக் கொண்டு போயிடாதே. பெட்ரோல் வாசனையோட நான் போகமாட்டேன்.”

“சும்மா இருங்க. நீங்க எங்க போறீங்க?” என்றாள்.

“வாக்குக் கொடு.”

கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பூமி நடுங்கியது. அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன, ஒரு விளக்கு விழுந்தது, நாய்கள் வெகுநேரம் குரைத்தன. யாருக்கும் காயம் இல்லை. புதன்கிழமை விடியலில், பாங்கு சொல்லி முடிந்த கையோடு, நாசிஃபின் மூச்சு நின்றது. வில்தான் அவர் கண்களை மூடினாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

பிறகு வீட்டுக்குள் பெண்கள் நிறைந்தார்கள். குளிப்பாட்டுபவர்கள் வந்தார்கள். அடுப்பில் ரவை ஹல்வா கிண்டத் தொடங்கினார்கள், மையித்து வீட்டிலிருந்து அந்த வாசனை எழ வேண்டும் என்பதற்காக. வில்தான்தான் முதலில் கரண்டியைப் பிடித்தாள். அப்போது தம்பி சாபித் வாசலில் வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது.

“அக்கா, பெரிய பள்ளிவாசலைப் பூட்டப் போறாங்க.”

“யாரு?”

“மாகாணத்துலேருந்து பொறியாளர் வந்திருக்கு. நம்ம தூணு நின்னுடுச்சு. பூட்டுனப்புறம் முற்றத்துக்குள்ளேயும் யாரையும் விடாதாம். மச்சானைப் புதுப் பள்ளிவாசலுக்குத்தான் கொண்டு போகணும்.”

வில்தான் கரண்டியை நாத்தனாரிடம் கொடுத்தாள். “அடி பிடிக்காமப் பாத்துக்கோ,” என்றாள். முக்காட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு நடந்தாள்.

பள்ளிவாசல் முற்றத்தில் ஊரே நின்றது, வழக்கம்போல இரண்டாகப் பிரிந்து. நடுவில், தலைக்கவசம் போட்ட நெர்மின் என்ற பொறியாளப் பெண், சங்கிலியும் பூட்டுமாக. விடிந்ததிலிருந்து அவள் கும்மட்டத்தின் அடி வளைவுகளையும் சுவர்களையும் ஏணி வைத்துப் பார்த்திருந்தாள். காரை கொஞ்சம் உதிர்ந்திருந்தது. வேறு சேதம் தெரியவில்லை. வலது தூண் திரும்பியது. இடது தூண்தான் அசையவில்லை.

“நேத்து நடுக்கத்துக்கு முன்னாடி இது திரும்பிச்சா?” என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஒத்தை விரல்ல, மகளே,” என்றான் சாபித். “போன ஜும்ஆகூட நானே திருப்புனேன். காத்தாடி மாதிரி சுத்துச்சு.”

“நானும்தான்,” என்றார் கசாப்புக்கடைக்காரர்.

“நானும்,” “நானும்,” என்று பள்ளத்து மஹல்லா முழுவதும் சாட்சி சொன்னது.

“அப்போ நேத்துதான் நின்னிருக்கு,” என்றாள் நெர்மின். “அந்தப் பக்கத்துச் சுவர் இறங்கித் தூணை அழுத்துதுன்னு அர்த்தம். மையித்தைக் கிடத்துற ஜனாஸாக் கல்லும் அந்தச் சுவருக்குக் கீழேதான் இருக்கு. இன்னொரு நடுக்கம் வந்தா நான் என்ன பதில் சொல்றது? கருவி வெச்சு அளந்து அறிக்கை வர்ற வரைக்கும் பூட்டித்தான் ஆகணும்.”

மேட்டு மஹல்லாக் கூட்டத்திலிருந்து தேநீர்க் கடை ஜெவாத் வாயைத் திறந்தார். “காத்தாடி பயந்துபோய் நின்னுடுச்சு போல. எங்க கிழட்டுத் தூணு பாரு, முனகிக்கிட்டே வேலை பாக்குது.”

யாரோ அவர் விலாவில் இடித்தார்கள். வில்தான் வருவதைப் பார்த்ததும் அவர் தலைத்தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். “அண்ணி, மன்னிச்சுடுங்க. கவனிக்கல.”

வில்தான் அவரைப் பார்க்கவில்லை. நெர்மினிடம் போனாள்.

“என் வீட்டுக்காரருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன் பொண்ணு. இந்தக் கல்லுலேருந்து தூக்கறேன்னு.”

“எனக்குப் புரியுதும்மா. ஆனா...”

“நான் ஒருதடவை தொட்டுப் பாக்கறேன். போன கோடையில ஒரு கல்யாணத்துக்கு வந்தப்போ இந்த விரலாலதான் திருப்புனேன்.”

நெர்மின் விலகி வழிவிட்டாள்.

வில்தான் சுட்டுவிரலை வைத்தாள். பிறகு உள்ளங்கையை. பிறகு இரண்டு கைகளாலும் பிடித்துத் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். தூண் மலையோடு சேர்ந்த கல்லாக நின்றது. நெற்றியை அதன்மேல் சாய்த்தாள். மெதுவாக அப்படியே சரிந்து, தூணின் அடியில் உட்கார்ந்தாள். எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. தூணின் பாதத்துக்கும் அடிக்கல்லுக்கும் நடுவில் இருந்த இடுக்கில் விரல்கள் போய் அமர்ந்தன.

பிசுபிசுத்தது.

விரல்களை எடுத்துப் பார்த்தாள். பழுப்பாக, முற்றிய பாகு போல ஒட்டிக்கொண்டிருந்தது. தூசியும் புறா இறகின் இழையும் அதில் பதிந்திருந்தன. மூக்கருகே கொண்டுபோனாள்.

பழைய ஆலிவ் எண்ணெய். அதற்கு அடியில், மெலிதாக, நாரத்தைத் தோல்.

இந்த மலைப்பக்கத்தில் எண்ணெய் டின்னில் நாரத்தைத் தோல் போடும் ஆள் ஒருவர்தான். அவர் இப்போது வீட்டில் வெள்ளைத் துணிக்குள் கிடந்தார்.

வெள்ளிக்கிழமைகளில் எல்லாருக்கும் முன்னால் போனது. எரியாத கண்ணுக்குச் சீசாவில் மருந்து. கல்யாண ராத்திரியில் கொட்டை நீக்கி அடுக்கிய ஆலிவ் காய்கள். “உங்க கல்லு நல்ல கல்லு.” இத்தனை வருஷம் அவள் குத்திக்காட்டிய ஒவ்வொரு சொல்லையும் ரொட்டியோடு சேர்த்து மென்றுவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி போய்ச் சொட்டு விட்டிருக்கிறார்.

தூணைப் பிடித்தபடியே அவள் அசையாமல் இருந்தாள். துஆ செய்கிறாள் என்று ஊர் நினைத்தது.

“இது எண்ணெய்,” என்றாள்.

சாபித் சட்டென்று குனிந்தான். “அக்கா, எழுந்திரு. அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஜெவாத் பாக்கறான்,” என்று காதில் சீறினான். “வாயத் திறக்காதே. நம்ம மஹல்லா மானம் போயிடும்.”

வில்தான் குரலைத் தாழ்த்தவில்லை. “சாபித். போன ஜும்ஆ இந்தத் தூணை நீ திருப்புனியா?”

“திருப்புனேனே.”

“மச்சான் மையித்தா வீட்டுல கிடக்கறார். என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.”

சாபித் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு செருப்பைப் பார்த்தான்.

“தோளைத் திருப்புனேன்,” என்றான்.

“தூணை?”

“தோளை மட்டும்தான், அக்கா. கையை வெச்சுக்கிட்டுத் தோளைத் திருப்புனா, பாக்கறவங்களுக்குத் தூணு திரும்புற மாதிரி இருக்கும்.”

“எப்பலேருந்து?”

“பனி விழுந்ததுலேருந்து. முதல்ல கொஞ்சம் இறுகுச்சு. அப்புறம் நின்னே போச்சு. எனக்குத்தான் கையில வலு போச்சுன்னு நினைச்சேன்.”

கசாப்புக்கடைக்காரர் தொண்டையைக் கனைத்தார். “நானும் தோளைத்தான்,” என்றார். பின்னாலிருந்து இன்னொருவர், பிறகு இன்னொருவர். பள்ளத்து மஹல்லாவின் ஆண்கள் எல்லாரும் அந்தப் பனிக்காலம் பூராவும் வாரம் தவறாமல் தோளைத் திருப்பிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். ஒருவரிடம் ஒருவர் சொல்லவில்லை. ஒருவர் ரகசியமாகப் பட்டணத்துக்குப் போய் மணிக்கட்டை எக்ஸ்ரே கூட எடுத்திருந்தார்.

மேட்டு மஹல்லாவில் யாரும் சிரிக்கவில்லை. ஊர் தோன்றிய நாளிலிருந்து அப்படி ஒரு சந்தர்ப்பத்தில் அவர்கள் சிரிக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

நெர்மின் மண்டியிட்டு இடுக்கைப் பார்த்தாள், விரலால் தொட்டு முகர்ந்தாள். “புதுசா எண்ணெய் விடாம இருந்ததால இது காஞ்சு, தூசியோட சேர்ந்து பிசினாயிடுச்சு. நேத்து நடுக்கத்துக்கு ரொம்ப முன்னாடியே நின்னிருக்கு.” எழுந்தாள். “ஆனா அம்மா, சுவரும் இறங்கியிருக்கலாம். ரெண்டும் உண்மையா இருக்கலாம். சுத்தம் பண்ணிப் பாப்போம். அதுக்கப்புறமும் திரும்பலைன்னா நான் பூட்டிடுவேன். அப்போ என்னைத் திட்டக்கூடாது.”

“திட்டமாட்டேன்,” என்றாள் வில்தான்.

ஜெவாத் கடையிலிருந்து கொதிக்கும் தண்ணீரைத் தேநீர்ப் பானையோடு தூக்கி வந்தார். கசாப்புக்கடையிலிருந்து மரக் குச்சிகள் வந்தன. ஒருவர் வினிகர் பாட்டிலோடு ஓடி வந்தார்.

“அதைப் பளிங்குக்குக் கிட்ட கொண்டு வந்தீங்கன்னா உங்களை உள்ளே வெச்சுப் பூட்டுவேன்,” என்றாள் நெர்மின். “சோப்பு போதும்.”

ஊரில் கிடைக்கும் சோப்பும் ஆலிவ் எண்ணெயில் செய்ததுதான். குச்சியால் கிளறி, சோப்புத் தண்ணீர் ஊற்றி, துணியால் ஒற்றி எடுத்தார்கள். பழுப்புப் பிசின் சுருள் சுருளாக வந்தது. வருஷக்கணக்கான வெள்ளிக்கிழமைகள். வரவர நாரத்தை வாசனை முற்றத்தில் பரவியது. ஜெவாத் குனிந்து பிழிந்துகொண்டிருந்தவர் நின்றுவிட்டார்.

“யாரு அண்ணி ஊத்துனது?” என்றார்.

“மேட்டு மஹல்லாக்காரர் ஒருத்தர்.”

ஜெவாத் துணியைக் கையில் பிடித்தபடி நின்றார். வெள்ளிக்கிழமைகளில் நாசிஃபோடு முதல் தேநீர் குடித்தவர் அவர்தான். “கண்ணு மருந்து,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். மறுபடி குனிந்து, முன்னைவிட மெதுவாகத் துடைத்தார்.

தண்ணீர் தெளிவாக ஓடியதும் நெர்மின் எழுந்து வில்தானைப் பார்த்தாள். “நீங்களே திருப்புங்க.”

வில்தான் உள்ளங்கையை வைத்தாள். அழுத்தினாள். ஒன்றும் இல்லை. சாபித் ஒரு அடி முன்னால் வந்தான், அவள் தலையசைத்து நிறுத்தினாள். மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி அழுத்தினாள்.

அடியில் எங்கோ கல் முனகியது. தூண் ஒரு விரற்கடை திரும்பியது. பிறகு இன்னொரு விரற்கடை. ஒற்றை விரலுக்கு அல்ல. எதிரே நின்ற வலது தூண் எப்படி முனகுமோ அப்படியே முனகி, அதே கனத்தோடு திரும்பியது. அக்கா தங்கைகளின் குரல் மாதிரி, எது எதன் முனகல் என்று கண்ணை மூடிக் கேட்டால் சொல்ல முடியாது.

நெர்மின் தானும் பிடித்துப் பார்த்தாள். முழுச் சுற்றும் சுற்றினாள். சுவரோரம் போய் நூல்குண்டைத் தொங்கவிட்டு மறுபடி பார்த்தாள். சங்கிலியைப் பைக்குள் போட்டாள்.

“உள்ளே காரை விழுந்த மூலையில மட்டும் கயிறு கட்டிடறேன். யாரும் அங்கே நிக்க வேணாம்,” என்றாள். “ஜனாஸாவைக் கொண்டு வாங்கம்மா.”

மதியத் தொழுகைக்குப் பிறகு நாசிஃபை அவர் அப்பாவைக் கிடத்திய கல்லில் கிடத்தினார்கள். பச்சைத் துணி போர்த்தியிருந்தது. ஆண்கள் வரிசை கட்டினார்கள். அன்று மேட்டு வரிசை, பள்ளத்து வரிசை என்று யாரும் பார்க்கவில்லை, நின்ற இடத்தில் நின்றார்கள். பெண்கள் பின்னால், குருவி மாளிகைச் சுவரோரம். தொழுகை முடிந்ததும் இமாம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

“இந்த மனிதரை எப்படிப்பட்டவரா அறிஞ்சிருந்தீங்க?”

“நல்லவரா அறிஞ்சிருந்தோம்,” என்றது ஊர்.

வில்தானின் உதடு அசையவில்லை. அறிந்திருந்தாளா? நேற்று வரைக்கும் அறிந்திருந்தாளா?

“அவர் மேல உங்களுக்கு இருக்கிற ஹக்கை, அவர் உங்களுக்குப் பட்ட கடனை, மன்னிச்சு ஹலாலாக்கறீங்களா?”

“ஹலாலாக்கறோம்.”

மூன்று தடவை கேட்டார். மூன்று தடவை ஊர் சொன்னது. மூன்றாவதில் வில்தானும் சொன்னாள். சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற நாத்தனாருக்கு மட்டும் கேட்கும் குரலில், “என்னை ஏன் கேக்கறாங்க? அவரையில்ல கேக்கணும்,” என்றாள். நாத்தனாருக்குப் புரியவில்லை. ஹல்வா லேசாக அடி பிடித்ததைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டாள்.

சந்தூக்குப் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். முன்னால் ஒரு பக்கம் ஜெவாத், மறுபக்கம் சாபித். தோள்கள் மாறி மாறி ஏந்த, பச்சைத் துணி முற்றத்தைத் தாண்டி, மேட்டுப் பாதையில் ஏறி, சைப்ரஸ் மரங்களுக்குள் மறைந்தது.

பெண்கள் கலைந்தார்கள். வில்தான் நின்றாள். பிறகு முகப்பு வாசலுக்குப் போனாள். இடது தூணைக் கடந்தாள். பள்ளத்து மஹல்லாவில் பிறந்த எந்தக் கையும் இதுவரை தொடாத வலது தூணின் முன்னால் போய் நின்றாள். மேட்டுப் பெண்கள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளங்கையை வைத்துத் திருப்பினாள். முனகிக்கொண்டே திரும்பியது.

குனிந்து, அதன் அடி இடுக்கில் விரலை ஓட்டினாள். உலர்ந்த கல். விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். மழையும் தூசியும்தான் மணத்தன. இத்தனை வருஷத்தில் தன் பக்கத்துக்கு ஒரு சொட்டுகூட விட்டுக்கொள்ளவில்லை அந்த மனிதர்.

முக்காட்டு நுனியால் தூணின் பாதத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“இதுவும் நல்ல கல்லுதான்,” என்றாள்.